முகம் உண்டு, பெயர் இல்லை!

பெய்ஜிங் நகரத்து ஆவணக் களஞ்சியம் ஒன்றில், 1991-ஆம் ஆண்டில், பழைய புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. அணிமணி பூண்ட இளம் பெண்கள். படிய வாரிய கூந்தல். ஸ்டுடியோக்காரன் ஏற்பாடு செய்து வைத்த பொருள்கள். அவன் சொல்லிக் கொடுத்த நிலை. செல்வர் வீட்டுச் சீமாட்டிகளோ, மணநாள் காணப்போகும் மங்கையரோ என்று எண்ணத் தோன்றும். இல்லை! அவர்கள் விலைமாதர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீன நகரங்களில் இன்பம் தேடி வந்த கனவான்கள், 'இவள் வேண்டும், அவள் வேண்டாம்' என்று பொறுக்கி எடுப்பதற்காகப் பிடிக்கப்பட்ட படங்கள் அவை. துணிக்கடைக்காரன் சேலையை விரித்துக் காட்டுவான்; இந்த வணிகத்தில் பெண்ணையே விரித்துக் காட்டினார்கள்.

முகம் இருந்தது. முகத்தில் பூச்சு இருந்தது. பெயர் இல்லை!

விலைமாதர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விலை வைத்தவன் எவன்? விற்றவன் எவன்? வாங்கியவன் எவன்? விலைமாது என்ற சொல்லைப் படைத்த நாம், அவளை விலை பேசியவனுக்கு அப்படியொரு சொல்லைப் படைக்க மறந்தது ஏன்? விற்கப்பட்டவளுக்குப் பட்டம், விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் மறைவிடம்! அந்தப் புகைப்படங்களிலும் அதே நீதிதான். படத்துக்குள் இருப்பவள் பெண். படத்துக்கு வெளியே, பார்வைக்கு எட்டாத பக்கத்தில், பணப்பையோடு நிற்பவன் ஆண்.

அந்தப் பெண்மணி படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடவில்லை. அவற்றை எடுத்துச் சென்றார். கைக்குள் அடங்கும் முகங்களை ஆளுயரத் திரைச்சீலைகளில் எண்ணெய் வண்ணத்தால் எழுப்பி நிறுத்தினார். அவர்தான் ஹங் லியூ; சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓவியர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வாஷிங்டன் நகரத்துத் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் தம்முடைய பெருங்கண்காட்சி திறக்கப்படுவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அவர் மறைந்தார்.

கண்டெடுத்த பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு உணர்ச்சி ததும்பும் ஓவியம் படைப்பது இன்று பல நாடுகளில் ஓவியர் பலர் கையாளும் முறை. பழம்பொருள் கடையில் யாரோ ஒருவருடைய படத்தை வாங்குவது, அதன் மங்கலையும் மஞ்சளையும் வண்ணத்தில் வடிப்பது, 'ஆகா, கடந்த காலத்தின் கனவு!' என்று காண்போரை மயங்கச் செய்வது: இந்த மட்டில் நின்றுவிடுகிற படங்கள் ஏராளம். அவை பழமையின் வாசனைத் திரவியங்கள். முகர்ந்து பார்க்கலாம், அவ்வளவே. நாம் கேட்பது வேறு. யாரோ எடுத்த படம். அதில் யாரோ ஒருத்தி. அவளிடம் இசைவு பெறாமல் அவளுடைய முகத்தை எடுத்தாள ஓவியனுக்கு உரிமை தந்தது எது? அந்த உரிமைக்கு அவன் தர வேண்டிய விலை என்ன? ஹங் லியூவின் ஓவியங்களை இந்தக் கேள்வியோடுதான் நாம் அணுக வேண்டும். ஏனெனில், அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தூரிகை ஏந்தினார்.

அவருடைய வாழ்வைச் சிறிது அறிந்தால்தான் அவருடைய வண்ணம் விளங்கும். 1948-இல் சாங்சுன் நகரில் பிறந்தார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம். தந்தை கோமிண்டாங் படையின் அதிகாரி. கைக்குழந்தைப் பருவத்திலேயே மகள் தந்தையை இழந்தாள். சாவினால் அன்று, சிறையினால். தந்தையும் மகளும் மறுபடி ஒருவரையொருவர் கண்டது 1994-இல்! 1966-இல் கலாச்சாரப் புரட்சி என்ற பெயரால் புயல் வீசியது. படித்த இளைஞர்களை உழவரிடம் பாடம் கற்க அனுப்பினார்கள். 1968 முதல் 1972 வரை நான்காண்டுகள் ஹங் லியூ வயலில் உழைத்தார். நண்பர் ஒருவர் விட்டுச்சென்ற கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கொண்டு அக்கம்பக்கத்து உழவர்களைப் படம் பிடித்தார். பென்சிலால் அவர்களை வரைந்தார்.

அந்த நாளில் புகைப்படம் என்பது பொழுதுபோக்கன்று, ஆபத்து. பழைய படத்தில் தாத்தா பட்டு அங்கி அணிந்திருந்தால் அவர் நிலக்கிழார்; சிற்றப்பா சீருடை அணிந்திருந்தால் அவர் எதிர்ப்புரட்சிக்காரர். அச்சத்தால் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் படங்களைத் தாங்களே அழித்தன. தாயின் முகத்தைத் தணலில் இட்டுவிட்டுத் தன் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை! வீட்டுப் படங்கள் அழிந்துபோன ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர், ஊராருடைய படங்களைத் தேடி ஆவணக் களஞ்சியத்துக்குப் போனதில் வியப்பென்ன? அவர் தேடியது அழகான படங்களையல்ல. அழிக்கத் தவறிய சான்றுகளை.

இனிக் கலைக்கு வருவோம். புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். படித்தவர்களிடையே உலவும் மூடநம்பிக்கைகளுள் அதுவும் ஒன்று. கேமரா ஒரு பொறி. அதை எங்கே நிறுத்துவது, எவரை எதிரே உட்கார வைப்பது, எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் அதன் பின்னால் நிற்பவனின் விருப்பம். அந்த ஸ்டுடியோவில் அமர்ந்த பெண்ணின் எதிரே விளக்கிருந்தது, திரை இருந்தது, அவளை நிறுத்திய தரகனின் கட்டளையும் இருந்தது. படத்தில் பதிந்தது விளக்கின் ஒளி மட்டுமே, கட்டளை பதியவில்லை. ஆகவே பழைய படம் ஓர் உண்மையன்று, ஒரு சாட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஹங் லியூவின் தூரிகை செய்வது அந்த விசாரணையைத்தான்.

எப்படிச் செய்கிறார்? முதலில் அளவை மாற்றுகிறார். வாங்க வந்தவன் விரலிடுக்கில் வைத்துப் புரட்டிய படத்தைச் சுவரளவு ஆக்கிவிடுகிறார். அன்று அவன் குனிந்து அவளைப் பார்த்தான். இன்று நாம் அண்ணாந்து அவளைப் பார்க்கிறோம். பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவளுக்கும் இடையே இருந்த மேல் கீழ் ஒரே அடியில் தலைகீழாகிவிடுகிறது. அடுத்து, வண்ணம். கறுப்பு வெள்ளையில் இறுகிக் கிடந்த கன்னத்துக்கும் உதட்டுக்கும் குருதியோட்டம் தருகிறார். படிப்படியாகத் தூரிகை நடந்த தடம் தெரிகிறது; பொறி ஒரு நொடியில் பிடித்த முகத்தோடு, ஒரு மனிதப் பிறவி நாள் கணக்கில் அமர்ந்து பேசியிருக்கிறது என்பது தெரிகிறது.

மூன்றாவதுதான் அவருடைய முத்திரை. தீட்டி முடித்த படத்தின்மீது ஆளிவிதை எண்ணெய் கலந்து நீர்த்த வண்ணத்தை ஓடவிடுகிறார். அது வழிகிறது, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து ஆடைக்கு, ஆடையிலிருந்து திரைச்சீலையின் அடிவிளிம்புக்கு, கோடு கோடாக வழிகிறது. கண்ணீர் என்பார் சிலர். மழை என்பார் சிலர். நான் சொல்வேன், அது ஓவியர் தரும் வாக்குமூலம்: 'இந்த முகத்தை நான் மீட்டுவிட்டேன் என்று நம்பாதீர்கள். இது கரைந்துகொண்டிருக்கிறது. நான் அறிந்தது இவ்வளவே. அறியாதது வழிந்து ஓடுகிறது!'

நினைவில் வையுங்கள், இவர் சோஷலிச யதார்த்தம் என்ற பள்ளியில் பயின்றவர். பெய்ஜிங்கில் சுவரோவியக் கலை கற்றவர். அந்தப் பள்ளியில் முகம் மங்கக் கூடாது. கன்னம் சிவந்திருக்க வேண்டும். கண் தொலைவில் உள்ள பொற்காலத்தை நோக்க வேண்டும். தலைவர் நடுவே நிற்க வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத ஓவியம் அது! அந்தப் பயிற்சி பெற்ற கை, 1984-இல் கலிபோர்னியாவுக்கு வந்தது. பெயர் பெற்ற தலைவரை விட்டது. பெயரற்ற பெண்ணைத் தொட்டது. திட்டமான கோட்டை விட்டது. வழியும் வண்ணத்தைத் தொட்டது. அதை வெறும் பாணி மாற்றம் என்று கருதுவோர் கருதட்டும். அரசின் ஐயமற்ற உண்மையிலிருந்து ஒரு தனி மனிதரின் நேர்மையான ஐயத்துக்கு நடந்து வந்த நெடும்பயணம் அது.

ஆனால், தோழர்களே, பாராட்டு மட்டுமே திறனாய்வு ஆகாது. இரண்டு வழக்குகள் இந்த ஓவியங்கள்மீது உண்டு. இரண்டையும் நேரே எடுத்துப் பேசுவோம்.

முதல் வழக்கு: 'அன்று புகைப்படத்தைக் காட்டி அந்தப் பெண்களை விற்றார்கள், இன்று ஓவியத்தைக் காட்டி விற்கிறார்கள். அன்று வாங்கியவன் கனவான். இன்று வாங்குபவன் கலைக்கூடத்துச் செல்வன். இரண்டு முறையும் அவள் கைக்கு ஒரு காசும் வரவில்லையே!' கூர்மையான கேள்வி. இதை ஹங் லியூவும் உணர்ந்தவரே. 1992-இல், இத்தகைய புகைப்படத்தில் சாய்ந்து கிடந்த ஒரு பெண்ணைத் தீட்டியபோது, அந்த ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஒலிம்பியா'. பிரெஞ்சு ஓவியர் மானே 1863-இல் தீட்டி, பாரிஸ் நகரத்தைப் பதற வைத்த படத்தின் பெயர் அது. மானேயின் படத்திலும் சாய்ந்து கிடப்பவள் உடலை விற்று வாழ்பவள்தான், பார்க்க வந்த கனவான்களைக் கூசாமல் திருப்பிப் பார்த்தாள், கனவான்களுக்குத்தான் கூசியது. அந்தப் பெயரைச் சூட்டியதன் மூலம், கலைக்கூடத்துக்கு வரும் வாடிக்கையாளனின் சட்டையைப் பிடித்து, 'நீயும் அந்த வரிசையில் நிற்பவன்தான்' என்று சொல்லிவிடுகிறார் ஓவியர்.

இது போதுமா? போதாது என்றே நான் சொல்வேன். வாங்குபவனை வெட்கப்பட வைப்பதால் விற்கப்பட்டவளுக்கு விடுதலை கிடைத்துவிடாது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: வேறு வழி என்ன? அந்தப் படங்களைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் அவளுடைய மானம் காக்கப்பட்டிருக்குமா? வணிகம் செய்தவர்களின் மானம்தான் காக்கப்பட்டிருக்கும்! மறைப்பதால் கொடுமை மறைகிறதே ஒழியக் குறைவதில்லை. 1989-இல் அவர் தீட்டிய ஓவியம் ஒன்றில், பழைய புகைப்படத்திலிருந்து வந்த ஒரு பெண், கட்டவிழ்த்த கால்களோடு அமர்ந்திருக்கிறாள். சிறு வயதிலேயே விரல்களை உள்ளங்காலின் அடியில் மடித்து, துணியால் இறுக்கிக் கட்டி, எலும்பை முறித்து, மூன்றங்குலக் காலாக ஆக்கி, அதற்குத் 'தங்கத் தாமரை' என்று பெயரும் வைத்தது பழைய சமுதாயம். கொடுமைக்குக் கவிதைப் பெயர் சூட்டுவதில் பழமைக்கு நிகர் பழமையே! சீனக் குடியரசு 1912-இல் அதைத் தடை செய்தது. அந்தக் காலைப் பட்டுச் செருப்புக்குள் மறைத்தே பாடினார்கள் அழகைப் பாடியவர்கள். செருப்பைக் கழற்றிக் காட்டுகிறது அந்த ஓவியம். அதற்கு அவர் வைத்த தலைப்பில் காதல் தெய்வமும் இருக்கிறது, விடுதலைத் தெய்வமும் இருக்கிறது. அதே 1989-இல்தான் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் விடுதலைச் சிலை எழுப்பினார்கள் என்பதை நினைத்தால், தலைப்பின் கூர்மை விளங்கும். காலைக் கட்டிய சமுதாயமும் கருத்தைக் கட்டும் ஆட்சியும் ஒரே படத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன.

இரண்டாவது வழக்கு: அணிகலன். ஹங் லியூ தம் ஓவியங்களில் தாமரை இடுவார், பறவை இடுவார், பட்டாம்பூச்சி இடுவார்; பழைய சீன ஓவியத்திலிருந்து எடுத்த உருவங்கள் அவை. ஒரே வீச்சில் சுழற்றிய பெரிய வட்டங்களையும் இடுவார். அவை புத்த நெறித் துறவியர் மையால் வரையும் வட்டத்தை நினைவூட்டுவன. துன்புற்றவர்களுக்குத் தாம் தரும் ஆறுதல் காணிக்கை இவை என்பது அவருடைய எண்ணம். அவருடைய இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காணிக்கையை முழு மனத்தோடு ஏற்க என்னால் இயலவில்லை.

ஏன்? அவளுக்குத் தேவை தாமரையா? உயிரோடிருந்தபோது 'தாமரை' என்று பெயர் சூட்டித்தானே அவள் காலை உடைத்தார்கள்! துன்பப்பட்டவளைத் தெய்வமாக்குவது பழைய தந்திரம். வாழும்போது வதைப்பது, செத்த பிறகு சிலை எடுப்பது. உரிமை கேட்டால் உதைப்பது, உயிர் விட்டால் உயரத்தில் வைப்பது. தெய்வமாகிவிட்டவள் கணக்குக் கேட்கமாட்டாள் அல்லவா? ஹங் லியூவின் உள்ளத்தில் அந்தச் சூது இல்லை. ஆயினும் பூவும் பறவையும் பெருகிவிட்ட படங்களில் பார்ப்பவனின் கண் பூவில் இளைப்பாறிவிடுகிறது. முகத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் நழுவிவிடுகிறது. வழியும் எண்ணெய் கேள்வி எழுப்புகிறது. ஒளிவட்டம் கேள்வியை முடித்து வைக்கிறது. எனவேதான் அவருடைய படங்களில் அணி குறைந்தவையே ஆற்றல் மிகுந்தவை என்பது என் முடிபு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை அடிமைப்படுத்திய கொரியப் பெண்களை, அவர்களுடைய புகைப்படத்திலிருந்து 2001-இல் அவர் தீட்டினார். அந்தப் பெண்களுக்குப் படையினர் இட்ட பெயர் 'ஆறுதல் மகளிர்'. யாருக்கு ஆறுதல்? பெயரிலேயே பொய்! அந்தக் களைத்த முகங்களுக்கு முன் நிற்கும்போது மலரையா தேடுவோம்?

இந்த இடத்தில் வேறொரு நாட்டு ஓவியரை ஒப்பிட்டால் நம் வாதம் தெளிவாகும். ஜெர்மானியர் கெர்ஹார்டு ரிக்டர், 1965-இல், தம் குடும்பப் படம் ஒன்றைச் சாம்பல் நிறத்தில் தீட்டினார். 1932-இல் எடுக்கப்பட்ட படம்; பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, கைக்குழந்தை ஒன்றோடு. குழந்தை ரிக்டர், சிறுமி அவருடைய சிற்றன்னை மரியான். பின்னாளில் மனநோய் கண்ட அவளை, இனத் தூய்மை பேசிய நாஜி ஆட்சி கட்டாயமாக மலடாக்கியது. 1945-இல் மருத்துவமனை என்ற பெயர் கொண்ட கொலைக்கூடத்தில் சாகடித்தது. ரிக்டர் பூ இடவில்லை, வட்டம் இடவில்லை. ஈர வண்ணத்தின்மீது தூரிகையை இழுத்துப் படத்தைக் கலங்கலாக்கினார், அவ்வளவே. நெடுங்காலம் கழித்து ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த செய்தி உலகை உலுக்கியது: ரிக்டருடைய முதல் மனைவியின் தந்தை, அத்தகைய மலடாக்கும் அறுவைகளை நடத்திய நாஜி மருத்துவர்! பலியானவளும் பலியிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவனும் ஒரே குடும்பத்து ஆல்பத்தில். அந்தக் கலங்கல் நமக்கு அறைந்து சொல்வது இதுதான்: பழைய படம் அமைதியாக இருப்பதாலேயே அது குற்றமற்றது என்று நம்பாதே.

ரிக்டரின் கலங்கலும் லியூவின் வழிவும் ஒரே வினாவின் இரண்டு வடிவங்கள். ரிக்டர் விலகி நின்று கேட்கிறார். லியூ நெருங்கி நின்று கேட்கிறார். விலகலில் நேர்மை மிகுதி; நெருக்கத்தில் நேயம் மிகுதி. நேயம் அணியாக மாறாத இடத்தில் லியூ ரிக்டரையும் விஞ்சுகிறார் என்பேன். அணியாக மாறும் இடத்தில் பின்தங்கிவிடுகிறார்.

பிறருடைய படங்களை எடுத்தாள்பவர் தம்முடைய படத்தை என்ன செய்தார் என்று பார்ப்பது நேர்மையான சோதனை. 1988-இல் ஹங் லியூ தீட்டிய 'குடியிருக்கும் அன்னியர்' அந்தச் சோதனையில் அவரைத் தலைநிமிர வைக்கிறது. அமெரிக்க அரசு தமக்கு வழங்கிய குடியிருப்பு உரிமைச் சீட்டை, ஐந்தடி உயரம், ஏழரை அடி அகலத்தில் அப்படியே தீட்டினார். புகைப்படம் உண்டு, கைரேகை உண்டு. ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தின்பண்டத்தின் பெயர்! அமெரிக்காவில் உள்ள சீன உணவுக் கடைகளில், உள்ளே சோதிட வாசகம் வைத்துத் தருவார்களே 'பார்ச்சூன் குக்கி' என்று, அதைத் தம் பெயராக எழுதிக்கொண்டார். அது சீனத்துப் பண்டமே அன்று; கலிபோர்னியாவில் வேரூன்றிச் சீனத்தின் பெயரால் விற்பனையாவது! பிறந்த ஆண்டு 1948 என்பதை, அமெரிக்காவில் காலடி வைத்த 1984 என்று மாற்றினார். 'உங்கள் பதிவேட்டில் நான் மனுஷியல்லள், ஒரு பண்டம். உங்கள் எல்லைக்குள் வந்த நாளில்தான் நான் பிறந்ததாக உங்கள் நினைப்பு' என்ற அடி அதில் விழுகிறது. பூ இல்லை, பறவை இல்லை. நகைப்பு இருக்கிறது, நகைப்புக்குள் நெருப்பு இருக்கிறது. அவருடைய ஓவியங்களில் இதற்கு நிகரானவை சிலவே.

இனி, அவருடைய இறுதிக் காலத்துப் படைப்புகள். 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங் எடுத்த படங்களை நாடினார். அவை ஓக்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளவை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நிலமிழந்து, வேலை தேடிக் கலிபோர்னியாவுக்கு வண்டி கட்டிய ஏழை உழவர்களின் படங்கள். சீன வயலில் தாம் கண்ட முகங்களையே அமெரிக்க வயலிலும் கண்டார் ஹங் லியூ. வறுமைக்குப் பாஸ்போர்ட் ஏது?

லாங் எடுத்தவற்றுள் உலகப் புகழ் பெற்றது, 1936 மார்ச்சில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிப்போர் முகாமில் எடுத்த 'புலம்பெயர் தாய்'. கன்னத்தில் கை வைத்த தாய். இரு தோள்களிலும் முகம் புதைத்த பிள்ளைகள். வறுமையின் சின்னமாக உலகம் அதை வணங்கியது. ஆனால் அவளுடைய பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் அவர்களே பின்னாளில் எழுதினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல், ஒரு செய்தியாளர் அவளைக் கண்டுபிடித்தார். பெயர், பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி என்னும் பழங்குடி வழிவந்தவர். அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்றும் அவர் மனம் கசந்து சொன்னார். உணவுக்காக மோட்டார் வண்டியின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதி வைத்த குறிப்பையும் குடும்பத்தார் மறுத்தார்கள். பார்த்தீர்களா? சின்னம் வாய் திறந்துவிட்டது! வாய் திறந்தபோது, வணங்கியவர்கள் எதிர்பாராத சொல் வந்தது.

ஹங் லியூவும் அந்தத் தாயைத் தீட்டினார். 2016-இல் தீட்டிய படத்தில் உணவு வேளையைக் காட்டினார். வண்ணம் விம்முகிறது, ஐயமில்லை. ஆனால் தலைப்பு? மறுபடியும் 'புலம்பெயர் தாய்'தான்! பெய்ஜிங் படங்களில் பெயர் இல்லை, பெயரறியாத துயரம் அங்கே வண்ணமாய் வழிந்தது, அது நேர்மை. இங்கே பெயர் தெரிந்திருந்தது. 1978 முதல் உலகறிந்த பெயர். அதைத் தலைப்பில் எழுத ஓவியருக்கு ஆன தடை என்ன? பெயரற்றவர்களுக்காக வாழ்நாளெல்லாம் வண்ணம் குழைத்தவர், பெயர் கிடைத்த ஒருத்தியைப் பெயரின்றி விட்டது, அவருடைய கொள்கைக்கு அவரே இழைத்த குறை. 'தாய்' என்பது உயர்ந்த சொல்தானே என்பீர்கள். உயர்ந்த சொல்தான். ஆனால் எத்தனை பெண்களின் பெயரை அந்தச் சொல் விழுங்கியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்!

இந்தக் குறையைச் சுட்டுவது அவரைச் சிறுமைப்படுத்த அன்று. அவர் வகுத்த அளவுகோலாலேயே அவரை அளக்கிறோம். அந்த அளவுகோலை நம் கையில் தந்ததே அவருடைய வெற்றி. அதன் வலிமையை ஆட்சியாளர்களும் அறிவார்கள். 2019-ஆம் ஆண்டு இறுதியில் பெய்ஜிங் நகரில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடப்பதாக இருந்தது. சீன அதிகாரிகள் ஓவியங்களைக் கொண்டுவர இசைவு மறுத்தார்கள், கண்காட்சி நின்றது. பீரங்கியும் படையும் கொண்ட பேரரசு, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் எண்ணெய் வண்ணத்துக்கு அஞ்சியது! ஏன்? மறந்துவிட்டதாக எண்ணிய முகங்கள் மறுபடி வந்து நின்றால், 'எங்களை என்ன செய்தீர்கள்?' என்று கேட்குமே என்ற அச்சம். பழைய படம் அலமாரியில் இருக்கும் மட்டும் வரலாறு தூங்கும்; திரைச்சீலையில் ஏறிவிட்டால் வரலாறு விழித்துக்கொள்ளும்.

இளைஞர்களே! படத்திறப்பு விழா நடத்திப் பழகியவர்கள் நாம். மறைந்தவரின் படத்துக்கு மாலை சூட்டுகிறோம், மணிக்கணக்கில் பேசுகிறோம், மறுநாள் அந்தப் படம் மன்றத்துச் சுவரில் ஒன்றாகிவிடுகிறது. தெய்வப் படத்தைக் கும்பிட மறுத்த நம் கைகள், மனிதப் படத்தைக் கும்பிடப் பழகிவிடலாமா? படத்தைத் திறந்தால் போதாது. படத்துக்குள் மூடிக் கிடக்கும் வாழ்வைத் திறக்க வேண்டும். ஹங் லியூவின் ஓவியங்கள் கற்பிக்கும் பாடம் அதுவே. அவருடைய தாமரைகளை விட்டுவிடுங்கள். வழியும் வண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வணங்காதே, வினவு, அழகு பார்க்காதே, அடையாளம் தேடு!

இன்றே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய படம் ஒன்று இருக்கும். நடுவே நாற்காலியில் தாத்தா. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் நின்றுகொண்டு, பாதி முகம் வெட்டுப்பட்டு, ஒரு பெண் இருப்பாள். 'இவர் யார்?' என்று வீட்டு முதியவரைக் கேளுங்கள். எப்போது பிறந்தார், என்ன படித்தார், ஏன் படிக்கவில்லை, யாருக்கு வாழ்க்கைப்பட்டார், யார் கேட்டு வாழ்க்கைப்பட்டார் என்று கேளுங்கள். கேட்டு, படத்தின் பின்புறத்தில், பென்சிலால், அழுத்தமில்லாமல் எழுதுங்கள்.

ஓவியம் தீட்டத் தெரிந்தவர் நம்மில் சிலரே. பெயர் எழுதத் தெரியாதவர் எவருமில்லை!